கோழியின் டிஎன்ஏவில் வைரஸ் இருக்கிறது என்றால் என்ன அர்த்தம்?

"கோழியின் மரபணுவிலேயே வைரஸ் கலந்திருக்கிறது" என்ற செய்தி அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சேவலைத் தூக்கி எடை பார்க்கிறவர்கள் வரைக்கும் அது வந்து சேர்ந்துவிட்டது. சும்மா வரவில்லை, கூடவே மூன்று கிளைக்கதைகள். பிராய்லருக்கு ஊசி போட்டதால் வந்தது என்பது ஒன்று. நாட்டுக்கோழியில் இது கிடையாது என்பது இன்னொன்று. சாப்பிட்டால் நம் உடம்பிலும் ஏறிவிடும் என்பது மூன்றாவது.

செய்தி உண்மை. கிளைக்கதைகள் மூன்றும் தவறு. உண்மையான பாதி அவ்வளவு சுவாரசியமானது என்பதால், அது இந்தப் பயமுறுத்தலுக்குள் புதைந்து போவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அறிவியல் படிக்காதவர்களுக்கும் புரியும்படி அடியிலிருந்து சொல்கிறேன்.

முதலில் இரண்டு சொற்கள்

கோழியின் உடம்பு செல்களால் ஆனது. ஏறக்குறைய ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டிஎன்ஏ என்ற நீண்ட இழை இருக்கிறது. அந்த இழை நான்கே வகை எழுத்துகளால் ஆனது. ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்று சொல்லும் பகுதிதான் மரபணு. கோழியின் மொத்த டிஎன்ஏவுக்கு மரபணுத்தொகுதி என்று பெயர். அதில் சுமார் 100 கோடி எழுத்துகள் இருக்கின்றன. நம்முடையதில் சுமார் 300 கோடி. கோழியின் மரபணுத்தொகுதியை முதன்முதலாகப் படித்து 2004இல் வெளியிட்டார்கள். அதற்கு எடுத்துக்கொண்டது பண்ணைக் கோழியை அல்ல, வீட்டுக்கோழிகளின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழியை. அந்தக் காட்டுக்கோழியின் டிஎன்ஏவிலும் பழைய வைரஸ்களின் எழுத்துகள் அங்கங்கே கிடந்தன. பிராய்லர் ஊசிக் கதை இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது.

மாமரத்துப் புல்லுருவி

கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறவர்களுக்குப் புல்லுருவியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பறவை எச்சத்தோடு விதை கிளையில் ஒட்டும்; முளைத்து, கிளைக்குள் வேரை இறக்கி, மரத்தின் சாற்றை உறிஞ்சும். கிளையோடு வெட்டி எடுத்தால் தீர்ந்தது. அந்த மரத்துக் கொட்டையை ஊன்றினால் வரும் கன்றில் புல்லுருவி இருக்காது. பெரும்பாலான வைரஸ் தொற்று இந்த மாதிரிதான். இந்தக் கோழிக்கு வந்தது இந்தக் கோழியோடு முடியும், அல்லது பக்கத்துக் கோழிக்குத் தொற்றும்.

இப்போது நடக்காத ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். புல்லுருவி மாங்கொட்டைக்கு உள்ளேயே, மாமரத்தின் சொந்த டிஎன்ஏவிலேயே நுழைந்துவிட்டது. அந்தக் கொட்டையிலிருந்து வரும் கன்றின் ஒவ்வொரு இலையிலும் அது இருக்கும். வெட்டி எறிய வழியில்லை. அந்தக் கன்று காய்த்து, அதன் கொட்டையிலிருந்து வரும் மரங்களுக்கும் போகும். தலைமுறை தலைமுறையாக எழுத்துப் பிழை ஏறி, காலப்போக்கில் சாறு உறிஞ்சும் திறமையை இழந்து, மரத்தின் ஒரு பகுதியாகவே கிடக்கும். புல்லுருவியால் இதைச் செய்ய முடியாது. ஒரு வகை வைரஸால் முடியும். கோழியில் நடந்தது அதுதான்.

ரெட்ரோ வைரஸ் செய்கிற வேலை

அந்த வகையின் பெயர் ரெட்ரோ வைரஸ். இதன் மரபுச் செய்தி டிஎன்ஏவாக இருக்காது. ஆர்என்ஏ என்ற வேறொரு இழையாக இருக்கும். சாதாரணமாக உயிர்களில் டிஎன்ஏவைப் பார்த்துத்தான் ஆர்என்ஏ படியெடுக்கப்படும். ரெட்ரோ வைரஸ் இதைத் தலைகீழாகச் செய்கிறது. செல்லுக்குள் நுழைந்ததும் தன் ஆர்என்ஏவைப் பார்த்து டிஎன்ஏ எழுதிக்கொள்கிறது. இதைச் செய்யும் நொதிக்கு, அதாவது வேதி வேலையை நடத்திவைக்கும் புரதத்துக்கு, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்று பெயர். 1970இல் ஹோவர்ட் டெமினும் சதோஷி மிசுதானியும் ஒரு பக்கம், டேவிட் பால்டிமோர் இன்னொரு பக்கம் இதைக் கண்டுபிடித்தார்கள். டெமின் குழு ஆராய்ந்தது கோழி வைரஸை.

அப்புறம் இரண்டாவது நொதி ஒன்று வருகிறது. அது செல்லின் டிஎன்ஏவை ஓர் இடத்தில் வெட்டி, புதிதாக எழுதிய வைரஸ் டிஎன்ஏவை நடுவில் வைத்து ஒட்டிவிடுகிறது. இப்படி ஒட்டிக்கொண்ட வைரஸுக்குப் புரோவைரஸ் என்று பெயர். அதன் நடுவில் வைரஸின் உள்கூடு, நொதிகள், வெளியுறை ஆகியவற்றுக்கான மூன்று மரபணுக்கள் இருக்கும். இரு முனைகளிலும் ஒரே மாதிரியான ஒரு பகுதி இருக்கும். "இங்கிருந்து படியெடுக்கத் தொடங்கு" என்று செல்லுக்குச் சொல்வது அதுதான். இந்த முனைப் பகுதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நீல முட்டைக்கு வரும்போது தேவைப்படும்.

கோழிகளைத் தாக்கும் எல்லா வைரஸும் இந்த வேலையைச் செய்வதில்லை. நம் ஊர்க் கொல்லைகளைக் காலி செய்யும் வெள்ளைக் கழிச்சலின் வைரஸும் ஆர்என்ஏ வைரஸ்தான். ஆனால் அது டிஎன்ஏவாக மாறுவதே இல்லை. குஞ்சின் கண்ணில் விடுகிற லசோட்டா சொட்டு மருந்திலும் இருப்பது அந்த வகை வைரஸ்தான். அது குஞ்சின் டிஎன்ஏவில் எதையும் எழுதுவதில்லை.

முட்டை வழியாகப் போகும் இரண்டு பாதைகள்

ரெட்ரோ வைரஸ் கோழியின் கல்லீரல் செல்லிலோ ரத்த செல்லிலோ ஒட்டிக்கொண்டால், அது அந்தக் கோழியோடு முடிந்துவிடும். முட்டைக்கும் விந்துக்கும் மூலமான செல்களில் ஒட்டிக்கொண்டால்தான் கதை மாறுகிறது. அந்த ஒரு செல்லிலிருந்து உருவாகும் குஞ்சின் உடம்பு முழுக்க அந்தப் புரோவைரஸ் இருக்கும். அதன் குஞ்சுகளில் பாதிக்கும் போகும். இப்படிக் குடும்பச் சொத்தாகிவிட்ட வைரஸைத்தான் உள்ளுறை ரெட்ரோ வைரஸ் என்கிறோம்.

அதிகம் குழப்பம் வரும் இடம் இது, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கோழிகளுக்கு லுகோசிஸ் என்று ஒரு நோய் உண்டு. கல்லீரலும் மண்ணீரலும் கட்டியாகி வீங்கும் புற்றுநோய். இதை உண்டாக்குவதும் ரெட்ரோ வைரஸ்தான். நோயுள்ள பெட்டை, முட்டையின் வெள்ளைக் கருவில் வைரஸ் துகள்களை விட்டு, குஞ்சுக்குத் தொற்ற வைக்கும். இதுவும் முட்டை வழியாகத்தான் போகிறது, ஆனால் இது தொற்று. டிஎன்ஏ வழியாகப் போவது பரம்பரை. இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு நல்ல அடையாளம் உண்டு: சேவல். லுகோசிஸ் தொற்றுள்ள சேவல் தன் விந்து வழியாகக் குஞ்சுக்கு அந்த நோயைக் கொடுப்பதில்லை. உள்ளுறை வைரஸையோ பெட்டை எவ்வளவு கொடுக்குமோ அவ்வளவு சேவலும் கொடுக்கும், கொண்டை வடிவத்தையும் இறகு நிறத்தையும் கொடுப்பது போல.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான். ரெட்ரோ வைரஸ் செல்லின் டிஎன்ஏவில் தன்னை எழுதிக்கொள்ளும். அது முட்டை, விந்து வழிச் செல்லில் நடந்தால் பரம்பரையாக இறங்கும். பரம்பரையாக இறங்குவது வேறு, தாயிடமிருந்து நோய் தொற்றுவது வேறு.

ஆரோக்கியமான கோழியில் வைரஸ் புரதம்

1911இல் நியூயார்க்கில் பெய்டன் ரவுஸ், ஒரு பிளிமத் ராக் கோழியின் கட்டியை அரைத்து, செல்கள் போக முடியாத வடிகட்டியில் வடித்து, அந்தத் திரவத்தை வேறு கோழிகளுக்குச் செலுத்தினார். அவற்றுக்கும் கட்டி வந்தது. புற்றுநோயை வைரஸ் உண்டாக்க முடியும் என்பதற்குக் கிடைத்த ஆரம்பச் சான்றுகளில் ஒன்று அது. நோபல் பரிசு 1966இல்தான் வந்தது, 55 ஆண்டுகள் கழித்து.

அந்த வைரஸ் குடும்பத்தைத் துருவிக்கொண்டிருந்தபோதுதான் 1960களில் விசித்திரமான ஒன்று கண்ணில் பட்டது. எந்தத் தொற்றும் இல்லாத, நல்ல ஆரோக்கியமான குஞ்சுக் கருக்களிலும் லுகோசிஸ் வைரஸின் புரதம் தெரிந்தது. 1968இல் பெய்ன், சப் என்ற இருவர் அந்தக் கோழிகளை ஒன்றோடொன்று இனம் சேர்த்துப் பார்த்தார்கள். அந்தப் புரதம், மரபியலின் முன்னோடியான கிரிகோர் மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட அதே கணக்குப்படி தலைமுறைக்கு இறங்கியது. ராபின் வைஸ் என்ற ஆய்வாளரும் அதே சமயத்தில் வேறு வழியில் இதே முடிவுக்கு வந்து சேர்ந்தார். ஆர்என்ஏ வைரஸ் எப்படி மரபணுவாக இறங்கும் என்று அன்று பலர் நம்பவில்லை. தலைகீழாக எழுதும் நொதி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லையே! 1970க்குப் பிறகு அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

நம் காட்டுக்கோழியிலும் உண்டா?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் காட்டில், மேலகிரி மலைப்பக்கம், விடியற்காலையில் கூவுவது சாம்பல் காட்டுக்கோழி. வீட்டுக்கோழியின் முக்கிய மூதாதை அது அல்ல, சிவப்புக் காட்டுக்கோழிதான். இரண்டும் நெருங்கிய சொந்தம்.

1979இல் வெளியான ஓர் ஆய்வு, லுகோசிஸ் வகை உள்ளுறை வைரஸ் எந்தெந்தக் கோழியினத்தில் இருக்கிறது என்று தேடிப் பார்த்தது. வீட்டுக்கோழியிலும் சிவப்புக் காட்டுக்கோழியிலும் இருந்தது. சாம்பல் காட்டுக்கோழியில் இல்லை. இலங்கைக் காட்டுக்கோழியிலும், பச்சைக் காட்டுக்கோழியிலும் இல்லை. அப்படியானால் இந்த வைரஸ் நுழைந்தது அந்த இனங்கள் பிரிந்து போன பிறகு, சிவப்புக் காட்டுக்கோழியின் வழியில் மட்டும். அதே சமயம், இதைவிடப் பழைய இன்னொரு வைரஸ் குடும்பத்தின் எழுத்துகள் காட்டுக்கோழி இனங்கள் எல்லாவற்றிலும் இருக்கின்றன. அது நுழைந்தது பிரிவதற்கு முன்னால்.

எந்த வைரஸ் எப்போது வந்தது என்று கணிக்க இன்னொரு வழியும் உண்டு. புரோவைரஸின் இரு முனைகளும் ஒட்டிக்கொள்ளும் நாளில் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கும். பிறகு தலைமுறை தலைமுறையாகத் தனித்தனியே பிழை ஏறும். இரு முனைகளும் எவ்வளவு வேறுபடுகின்றனவோ, வைரஸ் அவ்வளவு பழசு.

சிறுவிடை, பெருவிடை, கிராப்பு, கடக்நாத், பிராய்லர், லெகார்ன் எல்லாம் வீட்டுக்கோழிதான். எல்லாவற்றிலும் உள்ளுறை வைரஸ்கள் உண்டு. இனத்துக்கு இனம், ஏன், கோழிக்குக் கோழிகூட, எத்தனை இருக்கிறது, எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்பது மாறும். "நாட்டுக்கோழி சுத்தம்" என்று இந்த விஷயத்தில் சொல்ல இடமில்லை. நாட்டுக்கோழியை விரும்ப ருசி, கறியின் கெட்டித்தன்மை, கொல்லையில் தானே மேய்ந்து வளர்வது என்று நல்ல காரணங்கள் வேண்டிய அளவு இருக்கின்றன. இதை அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

நீல முட்டை

உள்ளுறை வைரஸ்களில் பெரும்பாலானவை உடைந்தவை. வைரஸ் துகளைக் கட்டும் அளவுக்கு அவற்றில் மரபணு மிச்சமில்லை. உடையாதவற்றையும் செல், டிஎன்ஏமேல் சிறு வேதிக்குறிகளை ஒட்டி ஊமையாக்கி வைக்கிறது. ஆனால் ஒட்டிய இடம் ஒரு நல்ல மரபணுவுக்குப் பக்கத்தில் அமைந்துவிட்டால், கண்ணால் பார்க்கக்கூடிய மாற்றமே வந்துவிடும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது நீல முட்டை.

சிலி நாட்டின் மபுச்சே மக்களிடமிருந்து வந்த அரௌகானா என்ற கோழி நீல முட்டை இடும். சீனாவிலும் டோங்ஷியாங், லூஷி என்று நீல முட்டைக் கோழிகள் உண்டு. அழகுக்கோழி வளர்ப்பவர்கள் போடும் படங்களில் பார்த்திருப்பீர்கள். சாயம் பூசியதோ என்று கேட்பவர்கள் அந்த ஓட்டை உடைத்து உள்பக்கச் சவ்வை உரித்துப் பார்த்தால் போதும். பழுப்பு முட்டையில் நிறம் வெளிப்பக்கம்தான், உள்பக்கம் வெளுத்திருக்கும். நீல முட்டை உள்பக்கமும் நீலம், உடைந்த விளிம்பிலும் நீலம். ஓடு உருவாகும்போதே நிறமி முழுக்கக் கலந்து வருகிறது. பிலிவெர்டின் என்பது அந்த நிறமி, பித்தத்தோடு தொடர்புடையது.

2013இல் காரணம் தெரிந்தது. கல்லீரலில் பித்தம் சார்ந்த பொருள்களைக் கடத்துகிற புரதத்துக்கு ஒரு மரபணு உண்டு. மற்றக் கோழிகளில் அது ஓடு உருவாகும் கருப்பைப் பகுதியில் வேலை செய்வதில்லை. நீல முட்டைக் கோழிகளில் அந்த மரபணுவுக்குச் சற்று முன்னால், சுமார் 4,200 எழுத்து நீளத்தில் ஒரு பழைய ரெட்ரோ வைரஸ் உட்கார்ந்திருக்கிறது. "இங்கிருந்து படியெடுக்கத் தொடங்கு" என்று சொல்லும் அதன் முனைப் பகுதி கருப்பையில் வேலை செய்கிறது. அதனால் பக்கத்து மரபணுவும் அங்கே விழித்துக்கொள்கிறது. ஓட்டில் நீலம் ஏறுகிறது.

இன்னும் அழகான செய்தி, சிலியிலும் சீனாவிலும் வைரஸ் ஒட்டிய இடம் ஒன்றல்ல. சில எழுத்துகள் தள்ளி இருக்கிறது. உலகின் இரு மூலைகளில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், இரண்டு தடவை நடந்திருக்கிறது. இரண்டு இடத்து மக்களும் அந்த முட்டையைப் பார்த்து ஆசைப்பட்டு அந்தக் கோழியைப் பெருக்கியிருக்கிறார்கள்.

நிறம் வர ஒரு பெற்றோரிடமிருந்து வந்த ஒரே பிரதி போதும். நீல முட்டைச் சேவலைச் சிறுவிடையோடு சேர்த்தால், குஞ்சுகள் வளர்ந்து இடும் முட்டையில் நீலத்தின்மேல் நம் கோழியின் இளம்பழுப்பு ஏறி, பச்சையாகத் தெரியும்.

இதே போல, சில கோழிகளில் நிறமி செய்யும் மரபணுவுக்கு நடுவே ஒரு ரெட்ரோ வைரஸ் ஒட்டியதால் இறகு வெள்ளையாகிவிட்டது. எல்லா வெள்ளைக் கோழியும் இப்படி இல்லை. லெகார்னின் வெள்ளைக்குக் காரணம் வேறொரு மரபணு. செப்ரைட் என்ற குட்டை இனத்தில் சேவலுக்கும் பெட்டை மாதிரியே இறகு வருவதும் வைரஸ் ஒட்டிய விளைவுதான்.

குஞ்சின் இறக்கை சொல்லும் செய்தி

குஞ்சு பொரிப்பகங்களில் ஒரு நாள் குஞ்சின் இறக்கையை விரலால் விரித்துப் பார்த்து ஆணா பெண்ணா என்று பிரிப்பதைப் பார்த்திருக்கலாம். இரண்டு வரிசை இறகுகள் தெரியும். அடி வரிசை மேல் வரிசையைவிட நீளமாக நீட்டிக்கொண்டிருந்தால் பெட்டை. இரண்டும் ஒரே நீளமாகவோ மேல் வரிசை நீளமாகவோ இருந்தால் சேவல். எல்லாக் கோழிக்கும் இது பொருந்தாது. நாட்டுக்கோழிக் குஞ்சில் பார்த்து ஏமாற வேண்டாம். தாய் மெதுவாக இறகு முளைக்கும் வகை, தந்தை வேகமாக முளைக்கும் வகை என்று திட்டமிட்டுச் சேர்த்த குஞ்சுகளில்தான் சரியாக வரும். அந்தக் குணம் இருப்பது பாலினக் குரோமோசோமில், அதாவது ஆணா பெண்ணா என்பதோடு தொடர்புடைய டிஎன்ஏ இழையில். தாய் அதை மகனுக்கு மட்டுமே கொடுக்கும்.

மெதுவாக இறகு முளைக்க நேரடிக் காரணம் அந்த இடத்தில் டிஎன்ஏவின் ஒரு துண்டு இரட்டித்திருப்பது. அங்கேயே இவி21 என்ற உள்ளுறை வைரஸும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இது உடையாதது, முழு வைரஸைச் செய்யக்கூடியது. அதனால் தனியாக நோய் வருவதில்லை. ஆனால் கருவிலேயே அந்தப் புரதத்தைப் பார்த்து வளரும் குஞ்சு, அதைத் தன் உடம்பின் பகுதி என்று எடுத்துக்கொள்கிறது. பிறகு வெளியிலிருந்து லுகோசிஸ் வைரஸ் வந்தால், சொந்தம் போலத் தெரிவதால் எதிர்ப்பு மந்தமாகிவிடுகிறது. அப்படிப்பட்ட தாய்களின் குஞ்சுகளில் லுகோசிஸ் தொற்று அதிகமாவதை 1980களில் கவனித்தார்கள்.

நேரெதிரான நன்மையும் உண்டு. சில உள்ளுறை வைரஸ்கள் வெளியுறைப் புரதத்தை மட்டும் செய்யும். அது செல்லின் வாசலில் போய் ஒட்டிக்கொண்டு, அதே வாசல் வழியாக வரும் வைரஸை உள்ளே விடாமல் தடுக்கும். ஆக, உள்ளுறை வைரஸ் நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்பதில் பயனில்லை. எந்த வைரஸ், எங்கே ஒட்டியிருக்கிறது என்று கேட்க வேண்டும்.

விழித்துக்கொண்டு நோயாகுமா?

கோழி வளர்ப்பவர்கள் அதிகம் கவலைப்பட வேண்டிய பக்கம் இது. 1980களின் இறுதியில் இங்கிலாந்தில் இறைச்சிக்கோழிகளில் ஒரு புது லுகோசிஸ் வைரஸ் தெரிந்தது. அதற்கு ஜே வகை என்று பெயர். அதன் வெளியுறை மரபணு, கோழியின் டிஎன்ஏவில் ஏற்கெனவே கிடந்த ஒரு பழைய வைரஸின் மரபணுவோடு பெரிதும் ஒத்திருந்தது. நீல முட்டைக்குக் காரணமான அதே குடும்பம்! வெளியிலிருந்து வந்த வைரஸ், உள்ளே கிடந்த துண்டைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு புது வைரஸாகிவிட்டது. 1990களில் பல நாடுகளின் தாய்க்கோழிப் பண்ணைகளில் பெரும் நஷ்டம். தொற்றுள்ள தாய்க்கோழிகளைச் சோதித்து விலக்கி விலக்கித்தான் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். தொற்று என்பதால் அப்படி விலக்க முடிந்தது.

சாப்பிட்டால்? தடுப்பூசி போட்டால்?

கறியிலும் முட்டையிலும் இருக்கும் டிஎன்ஏ வயிற்றில் செரித்துவிடும், கீரையின் டிஎன்ஏ செரிப்பது போலவே. உள்ளே போன டிஎன்ஏ நம் முட்டை, விந்துச் செல்களில் போய் ஒட்டிக்கொள்வதில்லை. ஒட்டும் வேலைக்கு முழு வைரஸ் துகள் வேண்டும். அது நுழையப் பொருத்தமான வாசலும் செல்லில் வேண்டும். தவிர, மனித மரபணுத்தொகுதியில் சுமார் 8 சதவீதம் உள்ளுறை ரெட்ரோ வைரஸ்களின் எழுத்துகள்தான். கோழி சாப்பிடுபவருக்கும் சைவம் சாப்பிடுபவருக்கும் அது ஒன்றுதான். எல்லாம் நம் முன்னோர்களுக்குத் தொற்றிய பழைய வைரஸ்களின் மிச்சம்.

கோழிச் செல்லில் தயாராகும் தடுப்பூசி வழியாக அந்த வைரஸ் நமக்கு வருமா என்ற கேள்வி நியாயமானது, அதை ஒதுக்கக் கூடாது. தட்டம்மைத் தடுப்பூசி வைரஸைக் கோழிக்கரு செல்களில் வளர்க்கிறார்கள். 1990களின் நடுவில் மிக நுட்பமான ஒரு சோதனை வந்தபோது, அந்தத் தடுப்பூசிகளில் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸின் தடயம் தெரிந்தது. கோழிச் செல்லின் உள்ளுறை வைரஸ்களிலிருந்து வந்த தடயம் அது. உடனே தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். கோழி ரெட்ரோ வைரஸ் தொற்றியதற்கு ஒருவரிடமும் சான்று கிடைக்கவில்லை.